தொட்டிச்செடிப் பூச்சியும் தகப்பன் வழி குரோமோசோமும்

வீட்டுக்குள்ள ஒரு மணி பிளான்ட் தொட்டியாவது வச்சிருக்கிறவங்களுக்கு இந்த ஜந்து கண்டிப்பாப் பழக்கம் இருக்கும். தண்ணி ஊத்தப் போனா மண்ணு மேல இருந்து நாலஞ்சு எழும்பும். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னாடி வந்து வட்டம் போடும். காப்பி டம்ளர்ல விழுந்து உயிரை விடும். பேரு கேட்டா மட்டும் ஆளுக்கொண்ணு சொல்வாங்க. குட்டிக் கொசும்பாங்க, பழ ஈம்பாங்க, பாத்ரூம் பூச்சிம்பாங்க. மூணும் இல்லை.

இதைப் பூஞ்சைக் கொசுன்னு சொல்லலாம். இங்கிலீஷ்ல ஃபங்கஸ் நாட். வீட்டுத் தொட்டிகள்ல இருக்கிறது பெரும்பாலும் சியாரிடே குடும்பத்துல பிராடிசியாங்கிற பேரினம். இந்தப் பூச்சி எப்படி இருக்கும், அதைப் பத்தி மனுசன் என்னென்ன நெனச்சான், கடைசியில அது நமக்கு என்ன சொல்லிக் கொடுத்துச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. பூச்சிக் கதைதானேன்னு போயிடாதீங்க மக்களே. நடுவுல மனுசக் குழந்தைங்களும் வர்றாங்க.

முதல்ல அடையாளம்

கொசுவுக்கு ஊசி மாதிரி நீளமான வாய் இருக்கும், கடிக்கும். பூஞ்சைக் கொசு கடிக்காது, அதுக்கு அந்தக் கருவியே கிடையாது. பழ ஈ கொஞ்சம் குண்டா, பழுப்பு நிறத்துல, பெரும்பாலும் சிவப்புக் கண்ணோட இருக்கும். வாழைப்பழம் கனிஞ்ச இடத்தைத்தான் சுத்தும். பாத்ரூம் சுவத்துல உக்காந்திருக்கிறது உடம்பெல்லாம் ரோமத்தோட, அந்துப்பூச்சிக்குட்டி மாதிரி இருக்கும்.

நம்மாளு கறுப்பு. 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். ஒல்லி உடம்பு, நீளமான கால், மணி கோத்த மாதிரி உணர்கொம்பு. பறக்கிறதுல கெட்டிக்காரன் இல்லை, மண்ணு மேல ஓடுறதுதான் அதிகம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தா இறக்கையைப் பாருங்க. நடுவுல ஒரு நரம்பு உண்டிவில் கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியும். அதுதான் முத்திரை.

ஆனா பறக்கிறதைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான். அசல் ஆளு மண்ணுக்குள்ள இருக்கான். ஈர மண்ணோட மேல் அடுக்குல, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுற வெள்ளைப் புழு. தலை மட்டும் பளபளன்னு கறுப்பு. பூஞ்சை, பாசி, மக்குற இலை இதெல்லாம்தான் சாப்பாடு. கூட்டம் பெருகிட்டா இளவேரையும் கடிக்கும். முட்டையில ஆரம்பிச்சு இறக்கை முளைக்கிற வரைக்கும் ஏறக்குறைய 3 முதல் 4 வாரம். அதுல பறக்கிற வாழ்க்கை ஒரு வாரம், கூடிப்போனா பத்து நாள். அதாவது நம்ம கண்ணுல படுறது அதோட கடைசி அத்தியாயம் மட்டும். முன்கதை எல்லாம் மண்ணுக்குள்ள.

இதை ஞாபகத்துல வச்சுக்குங்க. இந்தப் பூச்சியோட சரித்திரத்துல உருப்படியா ஏதாவது கண்டுபிடிச்சவங்க எல்லாம் பறக்கிறதை விட்டுட்டுப் புழுவையும் முட்டையையும் கவனிச்சவங்கதான்.

காட்டுக்குள்ள ஊர்ந்த படை

ஜெர்மனி, போலந்து பக்கத்துக் காடுகள்ல கோடைக்காலத்துல எப்பவாவது ஒரு காட்சி தென்படும். சாம்பல் நிறத்துல ஒரு நீளமான பாம்பு, தரையோட தரையா மெதுவா நகரும். சில சமயம் பல மீட்டர் நீளம். கிட்டப் போய்ப் பார்த்தா அது பாம்பு இல்லை, ஆயிரக்கணக்கான சின்னப் புழுக்கள். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கோழையால ஒட்டிக்கிட்டு, ஒரே உடம்பா நகர்ந்து போகும்.

ஜெர்மன்காரங்க இதை ஹேர்வுர்ம்னு சொன்னாங்க. படைப்புழுன்னு அர்த்தம். (நம்ம ஊர்ல மக்காச்சோளத்தைத் தின்னு தீர்த்த படைப்புழு வேற. அது அந்துப்பூச்சியோட புழு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.) பேருக்கேத்த மாதிரியே ஜனங்க பயந்தாங்க. இது தெரிஞ்சா சண்டை வரும்னாங்க, விளைச்சல் பொய்க்கும்னாங்க. மலை மேல ஏறுதா, பள்ளத்துல இறங்குதாங்கிறதை வச்சுக்கூடப் பலன் சொன்னாங்க. நம்ம ஊர்ல பல்லி விழுந்தா பலன் பார்க்கிறோமே, அந்தக் கதைதான் :-)

இந்தப் பயத்துக்கு நடுவுல சிலர் வேற காரியம் பண்ணாங்க. அந்தப் புழுவை எடுத்துட்டு வந்து வளர்த்துப் பார்த்தாங்க. அதுல ஒருத்தர் மாக்சிமிலியன் நோவிட்ஸ்கி, அந்தக் காலத்து ஆஸ்திரிய ஆட்சிக்குக் கீழே இருந்த போலந்துப் பகுதியில விலங்கியல் பேராசிரியர். கோபாலினிங்கிற ஊர்ல தென்பட்ட படைப்புழுவைப் பத்தி 1868-ல எழுதினார். புழுக்கூட்டத்துல இருந்து வெளிய வந்தது என்ன? கறுப்பா, ஒல்லியா ஒரு சின்னப் பூச்சி. சியாரா மிலிடாரிஸ்னு பேரு வச்சார். போரை அறிவிக்க வந்த தூதன் கடைசியில பாத்தா நம்ம தொட்டிப் பூச்சியோட ஒண்ணுவிட்ட சொந்தம்!

மெட்ஸ் பார்த்த விநோதம்

அடுத்த காட்சி அமெரிக்கா. சார்லஸ் மெட்ஸ் (1889–1975) மரபியல்காரர். கொலம்பியா பல்கலைக்கழகத்துல டி. எச். மோர்கனோட ஆளுங்க பழ ஈயை வச்சு மரபியலையே புரட்டிப் போட்ட காலத்துல அங்க படிச்சவர். அவரும் பழ ஈயிலதான் ஆரம்பிச்சார். அப்புறம் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்ல வேலை பார்த்தப்போ, 1920கள்ல, எல்லாரும் போற பாதையை விட்டுட்டு இந்தக் கறுப்புப் பூச்சிகள் பக்கம் திரும்பினார். அதுல முக்கியமானது சியாரா கோப்ரோஃபிலா. நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளரா இருந்த லிண்ட்னர் 1895-ல பேரு வச்ச இனம். இன்னிக்கு அதோட பேரு பிராடிசியா கோப்ரோஃபிலா. இதுவும் தொட்டி மண்ணு, பசுமைக்குடில்னு நம்ம பக்கத்துலயே வாழுற சாதிதான்.

மெட்ஸ் பார்த்ததைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன பாடம். நமக்கு ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடியா இருக்கு, ஒண்ணு அம்மா கொடுத்தது, இன்னொண்ணு அப்பா கொடுத்தது. நாம விந்தணுவோ கருமுட்டையோ உண்டாக்கும்போது சீட்டுக்கட்டு கலைக்கிற மாதிரி ரெண்டையும் கலந்து பாதியை அனுப்புறோம். எது அம்மா வழி, எது அப்பா வழின்னு செல் பார்க்கிறதில்லை. மெண்டல் 1866-ல பட்டாணிச்செடியை வச்சு எழுதினதும் இதுதான். ஒரு குணம் தாய்ச்செடி வழியா வந்தாலும் தகப்பன்செடி வழியா வந்தாலும் விளைவு ஒண்ணே.

இந்தப் பூச்சி அந்தச் சட்டத்தை மதிக்கவே இல்லை. ஆண் பூச்சி விந்தணு உண்டாக்கும்போது சீட்டைக் கலைக்கிறதே கிடையாது. தன் அப்பா கொடுத்த குரோமோசோம்களைப் பொறுக்கி ஒரு மூலைக்குத் தள்ளி வெளியே வீசிடுது. அம்மா கொடுத்ததை மட்டும் அடுத்த தலைமுறைக்கு அனுப்புது. (எல் குரோமோசோம்னு ஒரு தனி ரகம் இருக்கு, அது மட்டும் இந்தக் கணக்குல வராது.) அதாவது மகன் வழியா தாத்தாவோட சொத்து பேரப்பிள்ளைக்குப் போகவே போகாது. பாட்டியோட சொத்து மட்டும்தான்.

அதோட நிக்கலை. விந்தணு எக்ஸ் குரோமோசோமை ஒண்ணுக்கு ரெண்டாக் கொண்டு வருது. முட்டையில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ஆக கருவுல மூணு எக்ஸ். இது அதிகம்னு கரு தூக்கிப் போடுது. பெண்ணாப் போற கருவுல உடம்புச் செல்கள் ஒரு எக்ஸைத் தூக்கிப் போடும், ஆணாப் போறதுல ரெண்டையும் தூக்கிப் போடும். எதைத் தூக்குது? ஒவ்வொரு தடவையும் அப்பா கொடுத்ததை மட்டும். அம்மாவோடதைத் தொடுறதே இல்லை.

இன்னொரு வேடிக்கை, இந்த இனத்துல ஒரு தாய்க்குப் பொறக்கிறது எல்லாமே பொட்டையா இருக்கும், இல்லேன்னா எல்லாமே ஆணா இருக்கும். அதைத் தீர்மானிக்கிறது தாயோட எக்ஸ் ஜோடி, தகப்பன் இல்லை. பொம்பளப்புள்ளையாப் பெத்துட்டாளேன்னு மருமகளைத் திட்டுற மாமியார்களுக்கு உலகத்துலயே பொருந்துற ஒரே இடம் இந்தப் பூச்சி வீடுதான். மனுச வீட்டுல அது புருசன் கொடுக்கிற குரோமோசோம்ங்க!

சரி, மூணு எக்ஸும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கு. எது அப்பாவோடதுன்னு செல்லுக்கு எப்படித் தெரியுது? மெட்ஸ் வருசக்கணக்கா இந்தப் பூச்சியோட மல்லுக்கட்டினார். என்ன நடக்குதுன்னு அழகா எழுதி வச்சார். எப்படிங்கிற கேள்வி மட்டும் பாக்கி இருந்துச்சு.

ஹெலன் க்ரௌஸ் வச்ச பேரு

அந்தக் கேள்வியை விடாம பிடிச்சவர் ஹெலன் க்ரௌஸ். 1940கள்லயே இதே பூச்சியில ஆராய்ச்சியை ஆரம்பிச்சவர். அவர் பண்ணது ஒட்டு வேலை மாதிரி. எக்ஸ் குரோமோசோம் உடைஞ்சு அதோட துண்டு வேற குரோமோசோம்ல போய் ஒட்டிக்கிட்ட பூச்சிகளை எடுத்துக்கிட்டார். இப்போ எந்தத் துண்டு எக்ஸ் மாதிரி நடந்துக்குது, எது நடந்துக்கலைன்னு பார்த்தார். எக்ஸோட ஒரு முனையில, நடுமுடிச்சுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு சின்னப் பகுதிதான் கடிவாளம்னு தெரிஞ்சது. அந்தப் பகுதி எந்தத் துண்டோட போச்சோ அந்தத் துண்டு எக்ஸ் மாதிரி ஆடுச்சு. மீதித் துண்டு சும்மா இருந்துச்சு.

1960-ல ஜெனெடிக்ஸ் பத்திரிகையில இதை வெளியிட்டார். அதுல இருக்கிற முக்கியமான கருத்து இதுதான்: ஒரு குரோமோசோம் எப்படி நடந்துக்கும்ங்கிறது அதுல என்ன மரபணு இருக்குங்கிறதை மட்டும் பொறுத்தது இல்லை. அது ஆண் உடம்பு வழியா வந்துச்சா பெண் உடம்பு வழியா வந்துச்சாங்கிறதையும் பொறுத்தது. வந்த வழி அது மேல ஒரு முத்திரை குத்துது. ஆண் வழியா வந்தா ஒரு முத்திரை, பெண் வழியா வந்தா அதுக்கு நேர் எதிரான முத்திரை. அடுத்த தலைமுறையில வழி மாறினா பழைய முத்திரை அழிஞ்சு புதுசு விழும். இந்தத் தலைமுறையில குப்பைக்குப் போக வேண்டிய சரக்கு, மகள் வழியாப் போனா அடுத்த தலைமுறையில பத்திரமாப் பாதுகாக்கப்படும். எழுத்து ஒண்ணும் மாறலை, முத்திரைதான் மாறுச்சு.

இதுக்கு அவர் பயன்படுத்தின சொல் இம்ப்ரின்ட். குரோமோசோம் விசயத்துல இந்தச் சொல்லை இப்படி முதன்முதலாப் பயன்படுத்தினவர் அவர்தான்னு மரபியல்காரங்க சொல்றாங்க.

அப்புறம்? பெருசா ஒண்ணும் நடக்கலை. பூச்சியோட கோணங்கித்தனம், மனுசனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ங்கிற மாதிரி அந்த விசயம் ஒரு ஓரமாவே கிடந்துச்சு.

ரெண்டு வகைக் குழந்தைகள்

இப்போ பூச்சியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. 1956-ல ஸ்விட்சர்லாந்தில் சூரிக் நகரத்துல பிராடர், லாப்ஹார்ட், வில்லின்னு மூணு டாக்டர்கள் ஒரு வகைக் குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. பொறந்தப்போ துணி மாதிரித் துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது. ரெண்டு மூணு வருசம் கழிச்சு அப்படியே தலைகீழாகி அடங்காத பசி வந்துடும். எவ்வளவு சாப்பிட்டாலும் போதும்ங்கிற உணர்வே வராது. இதுக்கு பிராடர்–வில்லி குறைபாடுன்னு பேரு.

1965-ல இங்கிலாந்துல ஹாரி ஏஞ்சல்மேன்ங்கிற குழந்தை டாக்டர் வேற மூணு குழந்தைகளைப் பத்தி எழுதினார். பேச்சு வராது, நடை உதறும், வலிப்பு வரும். ஆனா காரணமே இல்லாம அடிக்கடி சிரிப்பாங்க. இது ஏஞ்சல்மேன் குறைபாடு. ரெண்டுமே ஏறக்குறைய 15,000 பிறப்புக்கு ஒண்ணுங்கிற அளவுல வர்றது. ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கும்னு யாரும் கனவுலகூட நெனச்சிருக்க மாட்டாங்க.

1981-ல பிராடர்–வில்லி குழந்தைகள் பலருக்கு 15-வது குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு காணோம்னு தெரிஞ்சது. 1987-ல ஏஞ்சல்மேன் குழந்தைகளைப் பார்த்தா அவங்களுக்கும் 15-வது குரோமோசோம்ல அதே இடத்துல துண்டு காணோம்! ஒரே துண்டு போனா எப்படி ரெண்டு வேற வேற நோய் வரும்?

பதில் அந்தக் கறுப்புப் பூச்சி ஏற்கெனவே சொன்னதுதான். அப்பா கொடுத்த 15-ல துண்டு இல்லேன்னா பிராடர்–வில்லி. அம்மா கொடுத்த 15-ல துண்டு இல்லேன்னா ஏஞ்சல்மேன். அந்த இடத்துல சில மரபணுக்கள் அப்பா வழியா வந்தா மட்டும் வேலை செய்யும், வேற ஒண்ணு மூளைச் செல்கள்ல அம்மா வழியா வந்தா மட்டும் வேலை செய்யும். 1989-ல இன்னொரு ஆதாரமும் வந்துச்சு. துண்டு எதுவும் காணாமப் போகாத பிராடர்–வில்லி குழந்தைகள் இருந்தாங்க. சோதிச்சா அவங்க 15 ரெண்டுமே அம்மாகிட்ட இருந்து வந்தது. மரபணு ஒண்ணும் குறையலை, அப்பா முத்திரை குத்தினது ஒண்ணு இல்லை, அவ்வளவுதான். அதுவே போதுமா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல 1984-ல பிரிட்டன்ல அசீம் சுரானி குழுவும், அமெரிக்காவுல மெக்ராத், சோல்டர் ரெண்டு பேரும் எலிக்கருவை வச்சு இதையே காட்டிட்டாங்க. ரெண்டு பங்கும் அம்மாவோடதா இருந்தாலும் கரு நிக்காது, ரெண்டும் அப்பாவோடதா இருந்தாலும் நிக்காது. ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் ஒவ்வொண்ணு வேணும். 1991-ல எலியில முத்திரை விழுந்த மரபணுக்களையே தனித்தனியாப் பேர் சொல்லி அடையாளம் காட்டினாங்க. அதுக்கு நிலைச்ச பேரு ஜெனோமிக் இம்ப்ரின்டிங். க்ரௌஸ் 1960-ல பூச்சிக்கு வச்ச அதே சொல்.

ஒண்ணை மட்டும் தெளிவாச் சொல்லணும். பூச்சியில முத்திரை குத்துற கருவியும் நம்ம உடம்புல குத்துற கருவியும் ஒண்ணேன்னு நெனச்சுடாதீங்க. நம்மகிட்ட டிஎன்ஏ மேல மீத்தைல்ங்கிற சின்ன ரசாயனத் துணுக்கு ஒட்டுறது முக்கியமான வழி. பூச்சி முழுக் குரோமோசோமையே தூக்கி எறியுது, நாம சில மரபணுக்களோட வாயை மட்டும் கட்டுறோம். ஆனா "யார் வழியா வந்துச்சுங்கிறதும் முக்கியம்"ங்கிற தத்துவம் ரெண்டுக்கும் பொது.

இதனால அந்தக் குடும்பங்களுக்கு என்ன லாபம்னு கேக்கலாம். பேரு கிடைச்சது, ரத்தப் பரிசோதனை கிடைச்சது. கைக்குழந்தையாவே கண்டுபிடிச்சா சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, பயிற்சி கொடுத்து, பின்னாடி வர்ற பெரிய சிக்கல்களைக் குறைக்க முடியுது. எல்லாத்துக்கும் மேல, இதுல பெரும்பாலானவை முட்டையோ விந்தணுவோ கருவோ உருவாகும்போது தற்செயலா நடக்கிறது. அப்பா செஞ்ச பாவமும் இல்லை, அம்மா மாசமா இருந்தப்போ பார்த்த கிரகணமும் இல்லை. நம்ம ஊர்ல இந்த வாக்கியத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு உங்களுக்கே தெரியும்.

திரும்பத் தொட்டிக்கு

அது சரி, எங்க வீட்டுத் தொட்டியில இருக்கிறதை என்ன பண்றதுன்னு கேக்குறீங்க. நோவிட்ஸ்கி பண்ணதைத்தான். பறக்கிறதை விட்டுட்டுப் புழுவைப் பாருங்க. உருளைக்கிழங்கை வில்லையா வெட்டி மண்ணு மேல ரெண்டு நாள் வைங்க. எடுத்துத் திருப்பிப் பார்த்தா கறுப்புத் தலைப் புழு ஒட்டியிருக்கும். இருந்தா அதுதான்.

கொசுவத்தி, லிக்விட், ஸ்ப்ரே எல்லாம் பறக்கிறதுக்கு. மண்ணுக்குள்ள இருக்கிற அடுத்த தொகுப்பை அது தொடாது. மஞ்சள் ஒட்டுப்பொறி வச்சா பெரியவங்க மாட்டுவாங்க, கூட்டம் கூடுதா குறையுதான்னும் தெரியும். முக்கியமான மருந்து, தண்ணி ஊத்தாம இருக்கிறது. மேல் மண்ணு ஒரு அங்குலமாவது காயட்டும். முட்டைக்கும் புழுவுக்கும் ஈரம் இல்லேன்னா வாழ்வில்லை. மாடித்தோட்டத்துக்காரங்க விரும்புற கோகோபீட் தண்ணியை நல்லாப் பிடிச்சு வச்சுக்கும், அதோட அரைகுறையா மக்கின உரமும் சேர்ந்தா இந்தப் பூச்சிக்குக் கல்யாண விருந்து.

இதுக்கும் அடங்கலேன்னா ஒரு பாக்டீரியா இருக்கு. 1976-ல இஸ்ரேல்ல நெகேவ் பாலைவனத்துல ஒரு குட்டையில கொசுப்புழுக்கள் கூட்டமாச் செத்துக் கிடந்ததைப் பார்த்து, மார்கலித், கோல்ட்பர்க்னு ரெண்டு பேர் அதுல இருந்து பிரிச்செடுத்தது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமா பிடிஐ. புதுச்சேரியில இருக்கிற நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதையே கொசுப்புழு ஒழிப்புக்காகத் தயாரிக்கிற முறையை உருவாக்கியிருக்கு. தண்ணியில கலந்து மண்ணுல ஊத்தினா, அதைத் தின்ன பூஞ்சைக் கொசுவோட புழுவும் சாகும். மனுசனுக்கும் மண்புழுவுக்கும் அதால கெடுதல் இல்லை. ஒரு தடவையோட விடாம வாரத்துக்கு ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம் ஊத்தணும், ஏன்னா முட்டை பொரிஞ்சு புதுசா வந்துக்கிட்டே இருக்கும். கடையில பிடின்னு மட்டும் கேட்டு வாங்கிடாதீங்க. காய்கறிப் புழுவுக்கு விக்கிற பிடி பெரும்பாலும் குர்ஸ்டாகிங்கிற வேற ரகம், அது அந்துப்பூச்சிப் புழுவைத்தான் கொல்லும். கடைசியில இருக்கிற "ஐ"யைப் பார்த்து வாங்குங்க.

2021-ல சியாரா கோப்ரோஃபிலாவோட மரபணுத்தொகுதியை நல்ல தரத்துல படிச்சு வெளியிட்டிருக்காங்க. அந்த முத்திரையைக் குத்துறது எது, படிக்கிறது எதுங்கிற மெட்ஸ் காலத்துக் கேள்வி முழுசா முடியலை, ஆராய்ச்சி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதனால அடுத்த தடவை காப்பி டம்ளர்ல ஒண்ணு மிதந்தா எடுத்து வெளிய போட்டுட்டுக் காப்பியைக் குடிங்க. அப்புறம் மறக்காம தொட்டி மண்ணைக் கிளறிப் பாருங்க.